ஸ்டாண்ட்-அப் நடத்த ஜிரா போர்டு எப்படி?

மென்பொருள் அணிகள் தங்கள் வேலைகளைப் பதிந்து கண்காணிக்கப் பயன்படுத்தும் மென்பொருள் ஜிரா. டிக்கெட் (ஒரு வேலைக்கான பதிவு) போடும் இடமாகத்தான் அதைப் பலருக்கும் தெரியும். தினசரி ஸ்டாண்ட்-அப்பில், அதாவது அணி கூடி வேலை நிலவரம் பேசும் 15 நிமிடக் கூட்டத்தில், அதன் போர்டு (டிக்கெட்டுகள் கார்டுகளாக, வேலையின் கட்டத்துக்கு ஒரு நெடுவரிசையில் நிற்கும் பலகை) எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் திறந்தவுடன் வரும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

முதலில் கணக்கு. எட்டுப் பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் 16 நிமிடம். 15 நிமிடக் கெடு அங்கேயே தாண்டிவிடும். 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்ற மூன்று கேள்விகளை, ஸ்கிரம் என்ற அணி வேலைமுறையின் கையேடான ஸ்கிரம் கைடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. இன்னும் பல அணிகள் விடுவதாக இல்லை. அதே அணியில் நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் கார்டுகள் பன்னிரண்டு என்று வையுங்கள். கார்டுக்கு 40 நொடி கொடுத்தாலும் 8 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆள் ஆளாகப் போகாமல் கார்டு கார்டாகப் போக ஜிரா போர்டு தோதானது.

வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 'டன்' (முடிந்தது) நெடுவரிசைக்கு முந்தைய டெஸ்டிங், அதற்கு முன் கோடு ரிவ்யூ (எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்ப்பது), கடைசியில் 'இன் ப்ராக்ரஸ்' (நடப்பில் உள்ளது). முடியும் தறுவாயில் இருப்பதை முடித்துவிட்டால் புதிய வேலையை இழுக்க இடம் கிடைக்கும். இடமிருந்து போனால், நேரம் தீரும்போது பேசாமல் விடுபடுவது ரிவ்யூவில் தூங்கும் கார்டுதான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே கேள்வி: "இது அடுத்த நெடுவரிசைக்குப் போக இன்றைக்கு என்ன வேண்டும்?"

போர்டு அமைப்புகளில் மாற்ற வேண்டியவை மூன்று. ஸ்விம்லேனை (போர்டின் கிடைமட்டப் பிரிவை) அசைனி (வேலை ஒப்படைக்கப்பட்டவர்) வாரியாக வைத்திருந்தால் கூட்டம் தானாகவே ஆள் வரிசைக்குத் திரும்பிவிடும். ஸ்டோரி (பயனருக்குத் தேவையான ஒரு வசதி) வாரியாக மாற்றுங்கள். அடுத்து, 'டேஸ் இன் காலம்' (நெடுவரிசையில் எத்தனை நாள்) வசதியை இயக்குங்கள். கார்டு ஒரே நெடுவரிசையில் கிடக்கக் கிடக்க அதன் கீழே புள்ளிகள் கூடும். மவுஸை மேலே வைத்தால் எத்தனை நாள் என்று தெரியும். 'ஓடிபி தாமதம் சரிசெய்தல்' என்ற கார்டு ரிவ்யூவில் நான்கு நாளாக நிற்கிறது என்றால், "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்ற பதில் அந்தப் புள்ளிகளுக்கு முன் எடுபடாது. யார் பார்ப்பது, மதியத்துக்குள் முடியுமா என்று பேச்சு தானாக வேலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, ஒரு நெடுவரிசையில் எத்தனை கார்டு இருக்கலாம் என்ற உச்சவரம்பு. எண்ணிக்கை மீறினால் நெடுவரிசை சிவக்கும், அவ்வளவுதான். கார்டை இழுத்துப் போடுவதை ஜிரா தடுக்காது. இதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. ஸ்டாண்ட்-அப்பைப் பொறுத்தவரை இதுவே வசதி: சிவப்பைப் பார்த்ததும் பேச வேண்டியது அணி, பூட்டுப்போட வேண்டியது மென்பொருள் அல்ல.

தடை வந்த கார்டுக்குக் கொடி போடும்போது கூடவே கமெண்ட்டும் எழுதுங்கள். யாரிடமிருந்து, எது, எப்போது வர வேண்டும் என்று ஒரு வரி போதும். கொடி போட்ட கார்டு மஞ்சளாகும்; வெறும் மஞ்சள் நிறம் யாருக்கும் எதுவும் சொல்லாது. இன்னொன்று: கார்டு நகர்ந்தாலும் கொடி தானாக இறங்காது. தடை நீங்கியபின் கையால் எடுக்காமல் விட்டால் இரண்டே வாரத்தில் போர்டு முழுக்க மஞ்சளாகி, கொடியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இனி கோளாறுகள். மிக மோசமானது, கண்ணுக்கே தெரியாதது: 'கிளையண்ட் பதிலுக்குக் காத்திருப்பு' என்று யாரோ புதிய ஸ்டேட்டஸ் (வேலையின் நிலை) சேர்ப்பார்கள், அதை எந்த நெடுவரிசையோடும் இணைத்திருக்கமாட்டார்கள். அந்த ஸ்டேட்டஸுக்குப் போன கார்டு போர்டிலிருந்தே மறைந்துவிடும். அதிகம் பேச வேண்டிய கார்டு அதுதான் என்பது வேடிக்கை. வாரம் ஒருமுறை நெடுவரிசை அமைப்பில் இணைக்கப்படாத ஸ்டேட்டஸ் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே அழுத்தில் கார்டுகளை வடிகட்டிக் காட்டும் குவிக் ஃபில்டர்களிலும் ஒரு சிக்கல். இரண்டை ஒன்றாக அழுத்தினால் இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துவது மட்டுமே காட்டும். ஃபிரண்ட்-எண்டுக்கு ஒன்று, பேக்-எண்டுக்கு ஒன்று வைத்து இரண்டையும் அழுத்தினால் போர்டு காலியாகிவிடும். 'இரண்டு நாளாக யாரும் தொடாதவை' என்ற ஒரே ஃபில்டர் வைத்துக்கொண்டால் போதும். இவையெல்லாம் கம்பெனி-மேனேஜ்டு (நிறுவனத்தின் ஜிரா நிர்வாகி அமைக்கும்) ப்ராஜெக்டுக்குப் பொருந்தும். டீம்-மேனேஜ்டு (அணியே அமைத்துக்கொள்ளும்) வகையில் அமைப்புகள் குறைவு.

ஜிராவால் முடியாததும் உண்டு. கூட்டத்துக்கு முன்பே கார்டுகளை நகர்த்தி வைக்கும் பழக்கத்தை அது உண்டாக்காது. எல்லாரும் பார்த்திருக்க ஒருவர் டிக்கெட் டைப் செய்யத் தொடங்கினால் அன்றைய 15 நிமிடம் போச்சு. டிசைன் விவாதம் இழுத்துக்கொண்டு போனால் நிறுத்தவும் ஆள்தான் வேண்டும்: சம்பந்தப்பட்ட இருவர் பெயரைக் குறித்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் அவர்களை மட்டும் இருக்கச் சொல்லுங்கள். திரையைப் பகிர்ந்து மவுஸைப் பிடிப்பவரைத் தினமும் மாற்றுங்கள். மேனேஜர் கையிலேயே மவுஸ் இருந்தால், பேசுகிறவர்கள் அவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.