ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர் லெவல் 1: பக்கத்து மலையா, மேற்கே போய்ப் பத்துப் பதினோரு வாரமா?

ஸ்கீ சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் வாங்குவது என்று முடிவெடுத்த பிறகு, அதை எந்த வழியில் வாங்குவது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கனடாவில் இருப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மலையின் ஸ்கீ பள்ளியில் சனி ஞாயிறு வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்தபடியே லெவல் 1 முடிப்பது. இன்னொன்று, நாட்டின் மேற்கே விஸ்லர், பான்ஃப், ஃபெர்னி எனப் பெரிய மலைகள் இருக்கும் பக்கம் போய்த் தங்கி, அறை, லிஃப்ட் பாஸ், பயிற்சி, தேர்வு என எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணம் கட்டி, லெவல் 1, லெவல் 2 இரண்டையும் ஒரே குளிர்காலத்தில் முடித்துவிட்டு வருவது. பிரிட்டன், நியூசிலாந்து அமைப்புகளின் சான்றிதழ்களும் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பக்கத்து மலையைத் தேர்ந்தெடுத்தேன். டொரோண்டோ பக்கம் மிசிசாகாவில் வீடு, வாரநாளில் அலுவலகம், பள்ளிக்கூடம் போகும் மகள், இதற்கு நடுவே பதினோரு வாரம் எங்கே போவது என்ற கட்டாயமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் மூன்று சீசன் சொல்லிக்கொடுத்த பிறகு, கையில் நேரமும் பணமும் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். இரண்டு வழியிலும் கையில் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றுதான். அதைத் தருவது சி.எஸ்.ஐ.ஏ. எனப்படும் கனடிய ஸ்கீ பயிற்றுநர் கூட்டமைப்பு, 1938-லிருந்து இருக்கிறது, மொத்தம் நான்கு லெவல். மேற்கே எடுத்த லெவல் 1-க்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை: மேற்கே போவது கையைக் கடிக்கும், உள்ளூரில் தேர்வுக் கட்டணமும் பெட்ரோல் காசும்தான், சில மலைகளில் தேர்வுக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களே தருகிறார்கள்.

ஸ்கீ ஓட்டும் திறமை வளர்வதற்கு எது நல்லது என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், மேற்குதான். ஒண்டாரியோவில் பேர்பெற்ற ப்ளூ மவுண்டனே உச்சியிலிருந்து அடிவரை 220 மீட்டர்தான், விஸ்லர் பிளாக்கோம்பில் 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம். நான் வேலை பார்க்கும் மலை ப்ளூ மவுண்டனிலும் பாதிக்குக் கீழே. லிஃப்டில் ஏறி உட்கார்ந்து கையுறையைச் சரிசெய்வதற்குள் உச்சி வந்துவிடும். தினமும் ஆறு மணி நேரம் பெரிய மலையில், பக்கத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரும் இருந்தால், பத்து வாரத்தில் ஒருவருடைய ஓட்டமே மாறிப்போகும். அதை இந்தப் பக்கத்தில் பத்து வருடத்திலும் எட்டிப் பிடிப்பது கஷ்டம்.

ஆனால் லெவல் 1-க்கு அவ்வளவு தேவையா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் எடுத்தபோது மூன்று நாள் பயிற்சி, அதற்குள்ளேயே மதிப்பீடும் முடிந்துவிடும். நான் முப்பது வயதுக்கு மேல் ஸ்கீ பழகியவள், அதனால் வேகமாக, அழகாக இறங்கிக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் அதற்கு முந்தைய டிசம்பர் முழுக்க நடுத்தரமான நீலச் சரிவுகளில் வேகத்தைத்தான் பழகினேன். இரண்டாம் நாள் காலை பயிற்சி நடத்தியவர் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது இருப்பதிலேயே எளிதான பச்சைச் சரிவில், நான்கு வயதுக் குழந்தைகள் தவழும் இடத்தில். ஸ்கீ முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து இறங்கும் ஸ்னோப்லோவில் ஆறு திருப்பம் காட்டச் சொன்னார். காட்டினேன். “இன்னும் மெதுவாக” என்றார். மறுபடி காட்டினேன். “இன்னும் மெதுவாக” என்றார். மூன்றாவது முறை தொடை எரிந்தது. அவ்வளவு மெதுவாகப் போகும்போதுதான் தெரிகிறது, திரும்பும்போது வெளிப்பக்க ஸ்கீயில் எடையை வைப்பதற்குப் பதிலாக நான் தோளைச் சுழற்றி ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று. வேகத்தில் அந்தத் தப்பு மறைந்துபோகும். புதிதாகக் கற்பவர் நம்மைப் பார்த்து அப்படியே செய்வார், நாம் தோளைச் சுழற்றினால் அவரும் தோளைச் சுழற்றுவார். அதனால்தான் லெவல் 1-ல் இதைப் போட்டு வறுக்கிறார்கள். இந்த மெதுவான திருப்பத்தைப் பழக விஸ்லர் வேண்டாம், ஊர் மலையின் பச்சைச் சரிவே போதும். நமக்குக் கிடைக்கும் கல் மாதிரி இறுகிய செயற்கைப் பனியில் ஸ்கீ விளிம்பைச் சரியாகப் பதிக்காவிட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும், அந்த வகையில் இந்த மலையும் நல்ல வாத்தியார்தான்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இப்படியோ அப்படியோ இருக்கட்டும், என் முடிவுக்குக் காரணம் இது ஒன்றுதான்: சான்றிதழ் வாங்கிய பிறகு எத்தனை மணி நேரம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?

பயிற்சியில் நாம் பாடம் எடுத்துக் காட்டுவது சக மாணவர்களுக்கு. அவர்கள் எல்லோருக்கும் ஸ்கீ தெரியும், விழாதவர்கள் விழுவதுபோல் நடிப்பார்கள், நாம் திருத்துவதுபோல் நடிப்போம். நான் பயிற்சிக்குப் போகும் முன் நான்கு வார இறுதி எங்கள் மலையில் உதவியாளராக நின்றிருந்தேன். அதில் ஒரு சனிக்கிழமை, ஆறு வயதுப் பையன், தமிழ்ப் பையன்தான், மேஜிக் கார்ப்பெட் என்று சொல்லும் அந்த நகரும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழ மாட்டேன் என்று அழுதான். பாடம் எடுத்த இன்ஸ்ட்ரக்டர் ஆங்கிலத்தில் என்ன என்னவோ கேட்டுப் பார்த்தார், வாயே திறக்கவில்லை. நான் குனிந்து தமிழில் “என்னடா கண்ணா” என்றதும் “பூட்ஸ் கடிக்குது ஆன்ட்டி” என்றான். பூட்ஸைக் கழற்றினால், குளிருமே என்று அம்மா இரண்டு சாக்ஸ் போட்டு, அதற்கு மேல் தெர்மல் பேண்ட்டையும் உள்ளே திணித்து அனுப்பியிருக்கிறார். கணுக்காலில் அந்த மடிப்பு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. ஒரு சாக்ஸை உருவி, பேண்ட்டை மேலே இழுத்துவிட்டு, ஒற்றை சாக்ஸோடு பூட்ஸை மாட்டினேன். ஐந்து நிமிடத்தில் “பீட்சா, பீட்சா” (ஸ்னோப்லோவுக்குக் குழந்தைகளிடம் சொல்லும் பெயர்) என்று கத்திக்கொண்டு காலை விரித்து இறங்கினான். ஸ்கீ பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ்தான் போக வேண்டும், வேறு எதுவும் கூடாது என்பது யாரும் சொல்லித் தரும் விஷயம்தான். ஆனால் அழும் குழந்தை முன்னால் நிற்கும்போது முதலில் பூட்ஸைப் பார்க்க வேண்டும் என்று கைக்குத் தெரிவது வேறு. இப்போது பாடம் தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையின் பூட்ஸிலும் விரலைவிட்டுப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

என் தோழி ஒருத்தி இரண்டாவது வழியில் போனவள். வேலையை விட்டுவிட்டு மேற்கே பதினோரு வாரம் இருந்து லெவல் 2 வரை முடித்தாள். அவள் இறங்குவதைப் பார்த்தால் எனக்குக் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் திரும்பி வந்ததும் புது வேலை, வார இறுதியில் வேறு பொறுப்புகள், இரண்டு குளிர்காலம் ஒரு பாடம்கூட எடுக்கவில்லை. சி.எஸ்.ஐ.ஏ. சந்தா வருடா வருடம் கட்ட வேண்டும், கட்டினால்தான் சான்றிதழ் நடப்பில் இருக்கும். ஐந்து மணி நேரம் கற்பித்தாலும் ஐந்நூறு மணி நேரம் கற்பித்தாலும் சந்தா ஒன்றுதான். அவள் ஒரு வருடம் சும்மா கட்டினாள், அடுத்த வருடம் விட்டுவிட்டாள். போன நவம்பரில் எங்கள் மலைக்கு வருகிறாயா என்று கூப்பிட்டபோது “பத்துக் குழந்தைகளை வைத்து மேய்க்க இப்போது தைரியம் இல்லை” என்றாள். ஏட்டுச் சுரைக்காய் என்று அவளை நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு உழைத்திருக்கிறாள். ஆனால் திரும்பி வந்ததும் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் தயாராக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

உள்ளூர் வழியில் அந்த இடம் முதலிலேயே கிடைத்துவிடுகிறது. நாளைக்குச் சான்றிதழ் வந்தால் நாளை மறுநாள் எட்டு மணிக்கு வகுப்பு இருக்கிறது. சம்பளத்திலிருந்து சந்தா வந்துவிடும், பெரும்பாலான மலைகளில் வேலை செய்பவர்களுக்கு சீசன் பாஸ் இலவசம். அதைவிட, தப்பு செய்தால் மதியச் சாப்பாட்டு வேளையில் இருபது வருடம் சொல்லிக்கொடுத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கேட்கலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில மலைகளில் சம்பளம் பாடம் நடக்கும் மணிக்குத்தான். என் முதல் சீசனில் ஒரு மலையில் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்றுவரை சீருடையோடு காத்திருந்து ஒரு மணி நேரச் சம்பளத்தோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. சேரும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் கேட்டுவிடுங்கள். ஜனவரியில் மழை பெய்தால் சரிவு கரைந்து மலையை மூடிவிடுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை குனிந்து குழந்தைகளைத் தூக்கிவிடுவதில் இடுப்பு பேசும். இரண்டு வருடமாக ஏறக்குறைய புதியவர்களுக்கு மட்டுமே பாடம், என் சொந்த ஓட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. லெவல் 2-ல் ஓட்டுவதையும் கற்பிப்பதையும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். கற்பிப்பதில் எனக்குப் பயமில்லை, ஓட்டுவதில் இருக்கிறது.

அப்படியானால் மேற்கே யார் போகலாம்? பத்தொன்பது இருபது வயது, படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் கையில் இருக்கிறது, முடித்த பிறகு அங்கேயே மலையில் முழுநேரமாக வேலை பார்க்கும் எண்ணமும் உண்டு என்றால் தாராளமாகப் போகலாம். அந்த எண்ணம் இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் பாடம் எடுக்கும் மணிநேரம் அங்கே தானாக வந்துவிடும். சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: தேர்வு முடிந்த பிறகு வேலை உறுதியா, அல்லது நேர்காணல் மட்டும்தானா? விளம்பரத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். இந்தியாவிலிருந்து வர நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா இளைஞர்கள் கனடாவின் ஒர்க்கிங் ஹாலிடே அனுமதியில் வந்து மலைகளில் வேலை செய்கிறார்கள், அந்தத் திட்டத்தின் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கே வந்து பயிற்சி எடுப்பது வேறு, சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, அதற்கு வேலை அனுமதி கட்டாயம்.

வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பற்றி, நான் எடுக்காததால், படித்ததையும் கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னதையும் வைத்து மட்டும். பிரிட்டனின் பாஸி அமைப்பில் லெவல் 1 ஐந்து நாள், கூடவே ஒரு ஸ்கீ பள்ளியில் 35 மணி நேர அனுபவம், முதலுதவிச் சான்று எல்லாம் வேண்டும். லெவல் 2-க்குப் பத்து நாள், 70 மணி நேரம். மணிநேரத்தையே தகுதியில் சேர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஹெமல் ஹெம்ஸ்டெட், மில்டன் கீன்ஸ் உள்ளரங்கப் பனியிலேயே பழகலாம் என்பதும் வசதி. ஆனால் கனவு ஆல்ப்ஸ் என்றால் பாதை நீளம். உச்சத் தகுதிக்கு யூரோடெஸ்ட் என்ற நேரப் பந்தயம் இருக்கிறது, முதலில் ஓடிக்காட்டுபவர்களை வைத்துக் கணக்கிடும் அடிப்படை நேரத்தைவிட ஆண்கள் 18, பெண்கள் 24 சதவீதத்துக்கு மேல் கூடாமல் முடிக்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே பந்தயம் ஓட்டியவர்களே அதில் திணறுகிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகு வேலை அனுமதிச் சிக்கல் வேறு. நியூசிலாந்தில் சீசன் ஜூன் முதல் அக்டோபர் வரை, குவீன்ஸ்டவுன், வானகா பக்கம். இங்கே மார்ச்சில் முடித்துவிட்டு அங்கே போய் வருடத்துக்கு இரண்டு குளிர்காலம் பார்ப்பவர்கள் எங்கள் மலையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உள்ளூர் வழிதான் என்றால் அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நவம்பர் கடைசியில் பனி விழுந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் வரும், அதற்குள் சனி ஞாயிறு இடங்கள் போய்விடும். முதல் வருடம் ஸ்கீயை வாடகைக்கு எடுத்தால் போதும், பூட்ஸ் மட்டும் சொந்தமாக, கடையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, காலை அளந்து போட்டுப் பார்த்து வாங்குங்கள். நாள் முழுக்க நிற்பது அதில்தான். நான் வரும் பிப்ரவரியில் லெவல் 2-க்குப் பதிவு செய்திருக்கிறேன். அதற்கு முன் ஜனவரியில் அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, தோழியையும் கூட்டிக்கொண்டு பான்ஃப் போகிறேன். ஓட்டுவதை அவள் எனக்குச் சொல்லித்தருவாள்.