ப்ரூஃப் செட்னு துடைச்ச காயினை தள்ளிவிடுறாங்க, வாங்குறவங்க பாத்துக்குங்க

மாடர்ன் நினைவு நாணயம், அதுலயும் வெள்ளி ப்ரூஃப் செட் (சேக்குறவங்களுக்குன்னே கண்ணாடி பளபளப்புல அடிக்கிற காயின்) ஆன்லைன்ல வாங்குறவங்க யாரா இருந்தாலும் இத ஒரு தடவை படிச்சிடுங்க. எனக்கு வித்தவர் போலி காயின் தரல, வம்பே அங்கதான் இருக்கு. 999 வெள்ளி, எடை கரெக்ட், மின்ட் (நாணயம் அடிக்கிற ஆலை) பெட்டி, சர்டிபிகேட், கேப்ஸ்யூல் (காயினை மூடுற பிளாஸ்டிக் டப்பி) எல்லாம் ஒரிஜினல். ஆனா காயினை யாரோ வெளிய எடுத்து துணி போட்டு துடைச்சு, ஒண்ணை மட்டும் டிப்ல (கறை எடுக்குற ரசாயன திரவம்) முக்கி வெளுக்க வச்சு, திரும்ப கேப்ஸ்யூல்ல போட்டு "கை படாத பீஸ்"னு வித்துட்டார்.

புதுசா சேக்குறவங்களுக்கு: ப்ரூஃபுக்கு பிளாங்க்கையும் (இன்னும் அடிக்காத வெறும் தகடு) டையையும் (அடிக்கிற அச்சு) தனியா பாலிஷ் பண்ணி ஒரு தடவைக்கு மேல அடிப்பாங்க, அதனாலதான் ஃபீல்ட் (உருவத்தை சுத்தி இருக்குற சமதளம்) கண்ணாடியாட்டம் இருக்கு, உருவம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா ஃப்ராஸ்ட் அடிச்சு நிக்குது. வெள்ளி விலைக்கு மேல நாம குடுக்குற காசு மொத்தமும் இந்த மேற்பரப்புக்குதான், அது போயிட்டா மிச்சம் உருக்குற வெள்ளி.

போட்டோ எல்லாமே நேரா மேல இருந்து எடுத்தது, ப்ரூஃப் ஃபீல்டை அப்படி எடுத்தா கறுப்பா விழும், ஒரு கோடும் தெரியாது. பார்சல் வந்ததும் ரூம் லைட்டை அணைச்சிட்டு ஒரே ஒரு பல்புக்கு கீழ கேப்ஸ்யூலோட சாய்ச்சு சாய்ச்சு பாத்தேன் (டியூப் லைட்ல பாக்காதீங்க, வெளிச்சம் பரவி எல்லாத்தையும் மூடிடும்), ஃபீல்ட் முழுக்க ஒரே பக்கமா மெல்லிசா ஹேர்லைன் (மயிரிழை கீறல்), துணி எந்தப் பக்கம் இழுத்திருக்குன்னே சொல்லிடலாம்.

கேட்டா "அது டை பாலிஷ் லைன் சார், மின்ட்லயே அப்படித்தான் வரும்"ங்கிறார். இந்த பதில் ரொம்ப பேர்கிட்ட வேலை செய்யுது, அதனால இத கொஞ்சம் விவரமா சொல்றேன். டையை பாலிஷ் பண்றப்ப விழுற கீறல் டையில பள்ளம், அதனால காயின்ல மேடா வரும், ஃபீல்டுல ஓடி உருவத்தோட ஓரத்துல நின்னுடும், ஏன்னா டையில உருவம் உள்ள குழிஞ்சு இருக்கும், ஃபீல்டை தேய்க்கிறது அதுக்குள்ள இறங்காது. துடைச்ச கோடு காயின்லயே பள்ளம், ஃபீல்டுல ஆரம்பிச்சு அப்படியே உருவத்து மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கும். என் காயின்ல மூக்கு, கன்னம், காது மேடு எல்லாத்துலயும் ஃப்ராஸ்ட் தேஞ்சு பளபளன்னு நிக்குது, 10 மடங்கு லூப்ல (கையடக்க பூதக்கண்ணாடி) குழந்தைகூட சொல்லிடும். மின்ட்டுக்கு எதுக்குங்க கன்னத்தை துடைக்கிற வேலை?

டிப் பண்ண காயின் கதை வேற. மத்ததெல்லாம் ஓரத்துல லேசா மஞ்சள் டோனிங்கோட இருக்கு, ஒரே பெட்டில அத்தனை வருஷம் கிடந்த இது மட்டும் வெள்ளை வெளேர்னு இருக்கு, ஃபீல்டும் லேசா மங்கி கெடக்கு. டோனிங் வெள்ளி மேல கந்தகம் பட்டு வர்ற படலம், டிப் அதை கரைக்கும்போது கூடவே மேல்பரப்பு வெள்ளியையும் கொஞ்சம் எடுத்துட்டுதான் போகும், போன கண்ணாடி திரும்ப வராது.

மில்க் ஸ்பாட்டும் (பால் தெறிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி) இருந்துச்சு, அதுக்கு நான் அவரை திட்டல. அது பெரும்பாலும் மின்ட்ல இருந்தே வர்ற வியாதி, கனடா மின்ட்டே அவங்க மேப்பிள் லீஃப் வெள்ளி காயினுக்கு 2018ல மின்ட்ஷீல்டுன்னு தனி டெக்னாலஜி கொண்டுவர வேண்டி வந்துச்சு. ஆனா போட்டோல பிரைட்னஸ் ஏத்தி அந்த புள்ளியை வெளிச்சத்துல முழுங்க வச்சது மின்ட் இல்லையே.

ரிட்டர்ன் கேட்டதுக்கு "எந்த லேப்ல வேணா டெஸ்ட் பண்ணுங்க, வெள்ளி கம்மின்னா டபுளா தர்றேன்"னு வீரம். நான் வெள்ளி கம்மின்னு சொல்லவே இல்லையே. அடுத்து "கேப்ஸ்யூல் திறந்தா ரிட்டர்ன் கிடையாது". திறக்காம பார்சல் பிரிச்ச வீடியோ அனுப்பினேன், பாதி காசு தர்றேன்னார், அப்புறம் பிளாக்.

சர்டிபிகேட்டை நம்பி வாங்குறவங்களுக்கும் ஒண்ணு. நம்பர் பெரும்பாலும் அட்டைலதான் இருக்கும், காயின்ல இருக்காது, அதனால நல்ல பெட்டிக்குள்ள கெட்ட காயினை மாத்தி வைக்க நிமிஷம் போதும். ஸ்லாப் காயின்னா (கிரேடிங் கம்பெனி தரம் பாத்து நம்பரோட பிளாஸ்டிக்ல சீல் பண்ணது) அந்த கம்பெனி சைட்ல நம்பரை போட்டு பாருங்க, அங்க போட்டோ இருந்தா காயினோட ஒப்பிடுங்க, நம்பர் சரியா இருந்தா மட்டும் போதாது, போலி ஸ்லாப்ல உண்மையான நம்பரை காப்பி அடிக்கிறாங்க.

தண்ணில முக்கி அடர்த்தி பாக்க சொல்வாங்க, வெள்ளிக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம் வரணும், உண்மைதான், ஆனா ப்ரூஃப் காயினை தண்ணில போடுற பாவத்தை செஞ்சிடாதீங்க, கறை விழுந்தா உங்க தலைல கட்டிடுவான். காந்தமும் பெருசா உதவாது, உள்ள செம்பு இருந்தாலும் ஒட்டாது.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரே லைட்ல ரெண்டு பக்கமும் சாய்ச்சு காட்டுற வீடியோ கேளுங்க. நான் கேட்டேன், "போன் கேமரா சரியில்ல"ன்னார், போட்டோ மட்டும் சூப்பரா எடுத்திருந்தார்.

நேத்து அதே செட் வேற பேர்ல விளம்பரத்துக்கு வந்திருக்கு, போட்டோ அதேதான், கேப்ஸ்யூல் ஓரத்துல பிறை மாதிரி ஒரு கீறல் இருக்கும் பாருங்க. அந்த கேப்ஸ்யூல் என் அலமாரில இருக்கு, அதனால இப்ப காசு கட்டுறவங்களுக்கு எந்த காயின் போகப்போகுதுன்னு எனக்கே தெரியல.