வீட்டில் பர்கர் பேட்டி: வார்ப்பிரும்புக் கல்லோடும் தெர்மாமீட்டரோடும் பல வருடம் பழகிய பிறகு

வீட்டில் போடும் பர்கர் பேட்டி, அதாவது பன்னுக்கு நடுவே வைக்கும் கறி வட்டு, கடினமாக இருக்கிறது, வறண்டுபோகிறது என்று சொல்பவர்கள் அடுத்து கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: கறியோடு வேறு என்ன சேர்க்கலாம்? முட்டை விடலாமா, ரொட்டித்தூள் எவ்வளவு, எந்த சாஸ். பல வருடங்களாக வீட்டில் அடிக்கடி பேட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன், என் அனுபவத்தில் இதற்கும் பேட்டியின் பதத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கறியை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதி கல்லின் சூட்டில் இருக்கிறது. முட்டையும் ரொட்டித்தூளும் சேர்த்தால் கிடைப்பதும் ருசியான பண்டம்தான், ஆனால் அது கட்லெட்டின் பக்கம் போய்விடும். கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்து, சாறு வாயில் இறங்கும் பேட்டி வேண்டும் என்றால் கறியும் உப்பும் மிளகுத்தூளும் போதும்.

முதலில் கறி. மாட்டிறைச்சி என்றால் தோள்பட்டைப் பகுதியில் அரைத்த கொத்துக்கறி, அதில் 20 சதவீதம் கொழுப்பு. 15-க்குக் கீழே போனால் என்ன செய்தாலும் வறட்சி தெரியும். கொழுப்பு குறைந்த கறியை ஆரோக்கியம் என்று வாங்கி அதில் பர்கர் போடுவதைவிட, கொழுப்புள்ள கறியில் சின்ன பேட்டியாகப் போட்டுச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். கறியைக் கொஞ்சம் பருமனாக அரைத்துத் தரச் சொல்லுங்கள், மைய அரைத்தது வேண்டாம். அடுப்பில் போடும் நிமிடம் வரை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். கொழுப்பு குளிர்ந்திருந்தால்தான் துணுக்கு துணுக்காக அப்படியே நிற்கும், பிறகு கல்லில் உருகிக் கறிக்குள்ளேயே சாறாகும். கைச்சூட்டில் இளகி எங்கும் பூசிக்கொண்ட கொழுப்பு கல்லில் வைத்ததும் வெளியே ஓடிவிடும்.

உப்பு விஷயத்தை மட்டும் சொல்லிக் கேட்பதைவிட ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. ஒரே கறியில் இரண்டு பேட்டி போடுங்கள். ஒன்றுக்கு உப்பைக் கறியோடு கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தட்டுங்கள். இன்னொன்றை உப்பில்லாமல் தட்டி, கல்லில் வைப்பதற்குச் சற்று முன்பு மேலே மட்டும் தூவுங்கள். வெந்ததும் இரண்டையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முதலாவது வெட்டிய இடத்தில் வழவழவென்று இறுகி இருக்கும், விரலால் அழுத்தினால் ரப்பர் போலத் திரும்பி வரும், கடித்தால் சாசேஜ் நினைவுதான் வரும். இரண்டாவதில் கறித்துணுக்குகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் கண்ணுக்கே தெரியும், அழுத்தினால் பிரிந்துவிடும். உப்பு கறியிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, அது பசை மாதிரி எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. சாசேஜுக்கு அந்த ஒட்டுதல் வேண்டும், பர்கருக்கு வேண்டவே வேண்டாம். அதிகம் பிசைந்தாலும் இதே கதைதான்.

தடிமனான பேட்டிக்கு நான் எடுப்பது 150 கிராம். உருட்டி உருட்டி அழகுபடுத்தாமல், லேசாகச் சேர்த்து 2 செ.மீ. கனத்துக்குத் தட்டினால் போதும், ஓரத்தில் ஒன்றிரண்டு விரிசல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பன்னைவிட ஒரு செ.மீ.யாவது அகலமாகத் தட்ட வேண்டும், ஏனென்றால் சூட்டில் கறியின் இணைப்புத் திசு சுருங்கி முழு வட்டத்தையும் உள்ளே இழுக்கும். அப்படி இழுக்கும்போது நடுப்பகுதி பந்து மாதிரி உப்பிவிடுகிறது. அதற்காகத்தான் நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் வைப்பது. வெந்து முடிக்கும்போது பள்ளம் இருந்த இடம் சமமாகிவிடும்.

சரி, கல்லுக்கு வருவோம். நான் நிலைத்தது வார்ப்பிரும்பில். நான்ஸ்டிக்கில் பேட்டி வேகும், ஒட்டாது, ஆனால் அந்தக் கரும்பழுப்பு மொறுமொறுப்பு வராது, வரவைக்க அடுப்பைக் கூட்டினால் வேறு தொல்லை, 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். காலிக் கல்லைப் பெரிய தீயில் வைத்தால் அந்தச் சூட்டைத் தொட வெகுநேரம் ஆகாது. கனமான எவர்சில்வர் வாணலி நன்றாகவே வேலை செய்கிறது, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

வார்ப்பிரும்பு சீராகச் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது சூட்டைக் கடத்துவதில் மந்தம். பர்னருக்கு நேர் மேலே கொதிக்கும், ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் பொறுமையாகக் காயவிட வேண்டும், நடுவில் ஒன்றிரண்டு தடவை கல்லைத் திருப்பி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒருமுறை ஏறிய சூட்டை அது விடாது, குளிர்ந்த கறியை வைத்த பிறகும் சூடு சட்டென்று இறங்காமல் இருப்பது இதனால்தான், நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று அங்கேயே வற்றினால் இன்னும் பொறுக்க வேண்டும். முத்து மாதிரி உருண்டு ஓடினால் கல் ஏறத்தாழ 200 டிகிரிக்கு வந்துவிட்டது. கறியின் மேற்பரப்பு பழுப்பாகி மணம் வருவதை மெயிலார்ட் வினை என்பார்கள், 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர் அது. சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். கறியில் ஈரம் இருக்கும் வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே வைப்பதற்கு முன் பேட்டியின் மேல் ஈரம் கசிந்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள், கல்லில் நெருக்கி அடுக்காதீர்கள்.

இந்தக் கல்லின் குறைகளும் உண்டு. கனம், ஒரு கையால் தூக்கிக் கவிழ்க்க முடியாது. புகை நிறைய வரும், எக்ஸாஸ்ட் ஃபேனும் ஜன்னலும் இல்லாத சமையலறையில் தடிமனான பேட்டியைப் பரிந்துரைக்கவே மாட்டேன். கழுவியதும் துடைத்துச் சூடாக்கி எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துரு பிடிக்கும். வருடங்கள் போகப்போக மேற்பரப்பு மெருகேறிக் கறி இன்னும் எளிதாக விட்டுக்கொடுக்கிறது, அந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போதெல்லாம் வீட்டில் அதிகம் கேட்பது ஸ்மாஷ் முறையில் போடும் பேட்டி. 60 முதல் 80 கிராம் வரை தளர்வான உருண்டை, ஃபிரிட்ஜிலிருந்து நேராகக் கல்லுக்கு. மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்து, கனமான தட்டைக் கரண்டியால் முழு பலத்தோடு அழுத்த வேண்டும், பத்து விநாடி அப்படியே பிடித்திருங்கள். பேட்டியை அழுத்தக் கூடாது என்பார்களே என்று தோன்றும். முதல் 30 விநாடிக்குள் கொழுப்பு இன்னும் கெட்டியாக இருப்பதால் அழுத்தினாலும் எதுவும் வெளியேறாது. அதற்குப் பிறகு அழுத்தினால் கேட்கும் சுர்ர் சத்தம் சாறு போகும் சத்தம்தான். உப்பு அழுத்திய பிறகு. ஓரம் மெல்லிய வலை மாதிரி பழுப்பாகி, நடுவில் இளஞ்சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் மேலேறி வரும்போது, கரண்டியைச் சாய்வாகப் பிடித்துக் கல்லைச் சுரண்டியபடி எடுத்துத் திருப்ப வேண்டும். தயங்கித் தூக்கினால் அந்த மொறுமொறுப்பு முழுக்கக் கல்லிலேயே தங்கிவிடும். இங்கே கூர்மையான ஓரமுள்ள கரண்டிதான் முக்கியம், பிளாஸ்டிக் கரண்டி உதவாது. திருப்பியதும் சீஸ், நிறம் முழுதும் மாறி நன்றாக வெந்ததும் இறக்கிவிடலாம். மொத்தமே மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

தடிமனான பேட்டிக்கு தெர்மாமீட்டர் கட்டாயம் என்பேன். கல்லைவிட இதற்குத்தான் முதலில் காசு செலவழிக்கச் சொல்வேன். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அதனால் ஸ்டேக்கை வெளியே சுட்டு உள்ளே சிவப்பாக விட முடிகிறது. அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரால் ஈ.கோலை என்ற கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்நாட்டு வேளாண் துறை கொத்துக்கறிக்குச் சொல்லும் அளவு நடுப்பகுதியில் 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கறி என்றால் 74. நிறத்தை நம்பவே கூடாது. சில கறி 71-க்கு வெகு முன்பே பழுப்பாகிவிடும், சில கறி தாண்டிய பிறகும் உள்ளே சிவப்பாகவே இருக்கும். ஊசியை மேலிருந்து குத்தினால் எளிதாகக் கல் பக்கம் போய் அதிகமாகக் காட்டும், பக்கவாட்டிலிருந்து நடு வரை நுழைத்துப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் சரிபாருங்கள். 71 வரை போனால் வறண்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்குத்தான் அந்த 20 சதவீதக் கொழுப்பு. உண்மையில் வறட்சி வருவது, வெந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் 80, 85 வரை விட்டுவிடுவதால்.

ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற விதியை நான் விட்டுவிட்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் இரண்டு பக்கமும் சீராக வேகிறது, நேரமும் குறைகிறது. சீஸ் வைக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடினால் அரை நிமிடத்தில் ஆவியில் உருகிவிடும்.

ஓவனிலும் ஏர் ஃப்ரையரிலும் போட்டுப் பார்த்தாயிற்று. உள்ளே நன்றாக வேகிறது, சுத்தம் செய்வதும் சுலபம், மேல்பக்க நிறம் சுமார்தான். நிறைய பேருக்கு ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் கல்லில் இரு பக்கமும் சிவக்கவிட்டு, தெர்மாமீட்டர் 71 காட்டும் வரை ஓவனில் வைப்பது வசதி.

கோழிக்கறியில் கொழுப்பு குறைவு, உதிரவும் செய்யும், அங்கே மட்டும் உப்பை முன்பே கலந்து கொஞ்சம் பிசைந்துகொள்கிறேன், தொடைக்கறியாகப் பார்த்து அரைத்து வாங்கினால் வறட்சி குறையும். ஆட்டுக்கறிக்கு மாட்டிறைச்சியின் கணக்கே பொருந்துகிறது.

மொத்தமாகத் தட்டி ஃப்ரீசரில் வைப்பவர்கள் உப்பில்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். மெல்லியதாக இருந்தால் உறைந்த நிலையிலேயே மிதமான சூட்டில் போடலாம், தடிமனானதை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், வெளியே மேடையில் வைத்து இளக்க வேண்டாம்.