பிளாஸ்மா கட்டிங் மிஷின்: ஐஜிபிடியை மாத்துறதா, போர்டையே மாத்துறதா?

கோவை கணபதி, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குச் சொல்றதுங்க. ஐஜிபிடிங்கிறது மிஷினுக்குள்ள கரண்டை வேகமா ஆன்-ஆஃப் பண்ற பவர் சுவிட்ச், அது உட்கார்ந்திருக்கிற சர்க்யூட் பலகைதான் போர்டு. மெயினை ஆஃப் பண்ணி 10 நிமிஷம் பொறுத்து, கெப்பாசிட்டர்ல மீட்டர் வைங்க. 415 வோல்ட் மிஷின்ல அதுல சுமார் 580 வோல்ட் டிசி ஏறி நிற்கும், இறங்காம கை வெச்சா ஆளைக் கொன்னுரும்.

மீட்டரை டயோடு மோட்ல வெச்சு, ஐஜிபிடியோட கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு நடுவுல பாருங்க. ரெண்டு திசையிலயும் சைபர் காட்டினா ஐஜிபிடி ஷார்ட். அதை மட்டும் மாத்தினா செலவு கம்மி. ஆனா அதை ஆன்-ஆஃப் பண்ற கேட் கால்ல இருக்கிற ரெசிஸ்டர், ஜீனர் டயோடைப் பார்க்காம போட்டா புதுசும் உடனே வெடிச்சுரலாம். மாத்தின பிறகு, டிசி லைன்ல 100 வாட் குண்டு பல்பு மூணை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்சுனு எரிஞ்சுட்டே இருந்தா ஷார்ட் இன்னும் போகலை.

போர்டுல ஓடுற செம்புக் கோடு (ட்ராக்) கருகி, போர்டே கரியாகியிருந்தா முழு போர்டுதான் நல்லது. விலை அதிகம், வேலை சுருக்கா முடியும். ஃபேன்ல அடைச்ச இரும்புத்தூளை ஊதித் தள்ளாம மட்டும் மாட்டாதீங்க.