கப்பல் பிஸ்கட்: சுத்தியல் தனியாக வாங்கிக்கொள்ளவும்

பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் தின்ற ஹார்ட்டாக் பிஸ்கட்டைப் பழைய செய்முறைப்படியே சுட்டு, டப்பாவில் அடைத்து ஆன்லைனில் விற்கிறார்கள். கப்பல் விபத்துக் கதை என்றால் எனக்குப் பைத்தியம். வாங்கிவிட்டேன்.

டப்பாவில் பன்னிரண்டு இருந்தன. மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் சேர்மானம். உள்ளங்கை அகலம், விரல் தடிமன். மேஜையில் தட்டினால் ஓட்டுச்சில்லு மாதிரி சத்தம் வருகிறது. முதல் கடியில் பிஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கடைவாய்ப்பல்லில் அடைத்திருந்த சிமெண்ட்தான் பெயர்ந்தது. துணியில் சுற்றி, சுத்தியலால் உடைத்து, டீயில் பத்து நிமிஷம் ஊறப்போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. அப்போது நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒரு விபரீத ஆசை. 1820 நவம்பரில் எசெக்ஸ் என்ற, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுத் திமிங்கில வேட்டைக் கப்பலை, பசிபிக் நடுவில் ஒரு திமிங்கிலமே மோதி உடைத்தது. 20 பேர் மூன்று சிறு படகுகளில் ஏறினார்கள். கையில் சுமார் 270 கிலோ இந்த ரொட்டி. அலையடித்து அதில் ஒரு பகுதி நனைய, வெயிலில் உலர்த்தித் தின்றார்கள். நானும் ஒன்றை உப்புத் தண்ணீரில் முக்கி, காயவைத்துத் தின்றேன். பசி என்னவோ அடங்கியது. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு அரை பைண்ட் தண்ணீர், அதாவது ஒரு டம்ளர். நான் கால் மணி நேரத்தில் மூன்று டம்ளர் குடித்தேன்.

ஒரே குறை, டப்பாவுக்குள் வைத்திருந்த துண்டுச்சீட்டு. 'தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்!' என்று நக்கல் வேறு. பக்கத்துத் தீவுகளில் நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்துதான் எசெக்ஸ்காரர்கள் தொலைவிலிருந்த தென் அமெரிக்காவை நோக்கிப் போனார்கள். கடைசியில் செத்தவர்களைத் தின்னும் நிலை அவர்களுக்கே வந்தது. 1821 பிப்ரவரியில் கேப்டன் பொல்லார்டின் படகில் நான்கு பேர்தான் மிச்சம். யார் செத்து மற்றவர்களுக்கு உணவாவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். பொல்லார்டின் உறவுக்காரப் பையன் ஓவன் காஃபினுக்கு விழுந்தது. அவனைத் துப்பாக்கியால் சுட வேண்டிய சீட்டு அவன் தோழன் சார்லஸ் ராம்ஸ்டெலுக்கு. பிழைத்து ஊர் திரும்பிய பொல்லார்ட் அந்தப் பையனின் அம்மா முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. இதில் நக்கலுக்கு என்ன இருக்கிறது?

பிஸ்கட்டுக்கு நான்கு நட்சத்திரம். அந்தத் துண்டுச்சீட்டுக்காக ஒன்றைக் கழித்துக்கொண்டு மூன்று தருகிறேன். பல் கட்டியவர்கள் ஊறவைக்காமல் தொட வேண்டாம். இன்னும் பத்து மிச்சம் இருக்கிறது, கெட்டுப்போகும் அறிகுறியே இல்லை.