லண்டனில் கால்வாய்ப் படகு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

லண்டனுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஹாக்னியில் ஒற்றை அறைக்கு மாதம் 950 பவுண்டு அழுதுகொண்டிருந்தேன். ரீஜண்ட்ஸ் கால்வாய் ஓரம் நடக்கும்போதெல்லாம் புகைபோக்கி புகைய நிற்கும் நேரோபோட்டுகளை, அதாவது ஆட்கள் குடியிருக்கும் ஒடுக்கமான நீளப் படகுகளைப் பார்த்து ஏங்குவேன். ஏழடி அகலம்கூட இல்லைதான், ஆனாலும் சொந்த வீடாயிற்றே.

விளம்பரம் பார்த்துப் போனேன். 45 அடிப் படகு, 31,000 பவுண்டு. விற்றவர் தங்கமாகப் பேசினார். டீ போட்டுக் கொடுத்தார், அடுப்பில் கரி போடச் சொல்லிக்கொடுத்தார். "கரையில் இந்த இடமும் படகோடு உங்களுக்குத்தான்" என்றார். என் சேமிப்போடு அண்ணனிடம் வாங்கிய கடனையும் சேர்த்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் கரையில் இடம் வாடகைக்கு விடுகிறவர்களிடமிருந்து கடிதம். மூரிங், அதாவது படகு கட்டும் இடம், பழைய ஆளுக்கு வாடகைக்கு விட்டது, படகை விற்றால் அது கைமாறாது, காலி செய்யுங்கள். படகு லைசென்ஸும் அப்படியே. அதை, கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டிடம் என் பெயரில் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. நிலையான மூரிங் இல்லாவிட்டால் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. இரண்டு இடங்களுக்கு நடுவே போய்வந்து சமாளிக்கவும் முடியாது. ஆபீஸ் நகர நடுவே ஓல்ட் ஸ்ட்ரீட்டில், நானோ தொலைவில் லீ ஆற்றில் என்ஃபீல்ட் பக்கம். கரைக்காரர்களுக்கு முன்பே ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படகின் அடிப்பாக விஷயம்தான் வயிற்றில் அடித்தது. அவர் காட்டிய போட் சேஃப்டி சான்றிதழ் நான்கு வருடம் செல்லும் என்றதும் படகே நல்ல படகு என்று நினைத்துவிட்டேன். அதில் பார்ப்பது கேஸ், வயரிங், எரிபொருள், தீ ஆபத்து இதெல்லாம்தான். படகின் இரும்புத் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. இன்சூரன்ஸ்காரர்கள் சர்வே, அதாவது நிபுணரின் சோதனை, கேட்ட பிறகுதான் படகைத் தண்ணீரில்லாத மேடையான டிரை டாக்கில் ஏற்றினேன்.

சர்வேயர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின்பக்கம், நீர்மட்டக் கோட்டருகே, 'தொப்'. பளபளத்த புதுக் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அளவுமானியை வைத்துத் தகட்டின் கனத்தைச் சாக்பீஸில் எழுதினார்: 3.1, 2.8 மில்லிமீட்டர். பொதுவாக 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே இன்சூரன்ஸ்காரர்கள் யோசிப்பார்கள். தேய்ந்த தகட்டின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ததில் 9,000 பவுண்டு போயிற்று. முழுப் பணம் கொடுப்பதற்கு முன்பே, நானே பிடித்த சர்வேயரை வைத்து, தண்ணீருக்கு வெளியே பார்த்திருந்தால் சில நூறு பவுண்டில் முடிந்திருக்கும்.

விற்றவருக்கு போன் செய்தேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்றார். தனி ஆள் விற்றால் தரத்துக்கு அவர் பொறுப்பில்லைதான். ஆனால் பொய் சொல்லி விற்றிருந்தால் வழக்குப் போடலாம், 10,000 பவுண்டு வரை சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸில் கேட்கலாம் என்றார்கள். 'மூரிங் உண்டு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. விளம்பரம் இப்போது இல்லை. நான் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கவில்லை.