4 சென்ட்டை 14 ஆக்கிய ஸ்கேனர்: கோத்தகிரியில் ஐந்து வருட அனுபவம்

எங்களுடையது பத்திர எழுத்தர் ஆபீஸ். கோத்தகிரியில் ஒரு சரிவில், மாடி அறை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மஞ்சு மேசை வரைக்கும் வந்து உட்காரும். அந்த அறையில் 2019 கடைசியில் வாங்கிப் போட்ட லேசர் மெஷின் ஒன்று இருக்கிறது. பிரின்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் அதிலேயே. கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக எடுத்தது. கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப் போகிற தொல்லை எல்லா கம்பெனி மெஷினுக்கும் வரக்கூடியதுதான்.

பிரின்ட்டில் குறையே இல்லை. டோனர் போட்டால் ஓடுகிறது. என் தலைமுடியைக் கொட்ட வைத்தது ஸ்கேனர்தான்.

இரண்டாவது வருடம் ஒருவருக்கு அவர் தாத்தா காலத்துப் பத்திரத்தை ஸ்கேன் செய்து போனில் அனுப்பினோம். பெங்களூரில் இருக்கிறவர். பத்து நிமிடத்தில் அழைத்தார். "சார், 4 சென்ட்னு சொன்னீங்க, இதுல 14 சென்ட்னு இருக்கே?" குரலில் அவ்வளவு சந்தோஷம். எடுத்துப் பார்த்தால், பக்கத்தின் மேலிருந்து கீழ் வரை மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அது சரியாக அந்த 4-க்கு முன்னால் போய், 1 மாதிரி நின்றிருந்தது.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். மலை ஏறி வர நான்கு நாள் ஆனது. அன்றைக்குப் பார்த்து நான் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் மாட்டிக்கொண்டேன். அவர் ஒரே ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தார், கோடு தெரிந்தது. "டிரம் போயிருச்சுங்க, மாத்தினா கோடு போயிரும்" என்று சொல்லி மாற்றியும் விட்டார். டிரம் என்பது பிரின்ட்டிலும் ஜெராக்ஸிலும் எழுத்தைத் தாளில் பதிக்கிற உருளை. 4,500 ரூபாய். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு. போன் செய்தால், "அப்ப ஸ்கேனர் யூனிட்தாங்க" என்கிறார். அதன் விலைக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கிவிடலாம்.

கண்டுபிடித்தது எங்கள் ஆபீசில் டைப் செய்கிற பெண்தான். "அண்ணா, கம்ப்யூட்டர்ல இருந்து பிரின்ட் கொடுத்தா கோடு வரல. கண்ணாடி மேல வெச்சு ஸ்கேன் பண்ணாலும் வரல. மேல் ட்ரேயில போட்டா மட்டும்தான் வருது" என்றாள். இதை முதலிலேயே செய்து பார்த்திருந்தால் 4,500 மிச்சம். பிரின்ட் சுத்தமாக வந்தால் டிரம்மில் குற்றமில்லை. கண்ணாடியில் வைத்தது சுத்தமாக வந்தால் தாளைப் படிக்கிற சென்சாரிலும் பெரும்பாலும் குற்றமில்லை. மிச்சம் இருப்பது மேல் ட்ரேயிலிருந்து தாளை இழுக்கிற ஃபீடர் வழி ஒன்றுதான்.

அந்த வழியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. பெரிய கண்ணாடியில் தாளை வைத்தால் தாள் சும்மா கிடக்கும், கீழே சென்சார் நகரும். அங்கே ஒரு தூசி இருந்தால் ஸ்கேனில் ஒரு புள்ளியாகத்தான் விழும். மேல் ட்ரேயில் போட்டால் சென்சார் ஓர் ஓரமாகப் போய் நின்றுவிடும், தாள்தான் அதைத் தாண்டி ஓடும். நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை. அதில் ஒட்டிய தூசியைச் சென்சார் தாள் ஓடி முடிகிற வரை பார்த்துக்கொண்டே இருக்கும். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஒரு ஏ4 பக்கம் என்பது 3,508 வரிசைப் புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனூண்டு அழுக்கு, 3,508 வரிசையிலும் பதிந்தால் கோடுதானே?

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பெரிய கண்ணாடியை நாங்கள் தினமும் துடைப்போம், அந்தப் பட்டையை ஒருவரும் தொட்டதில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவியபோது ஓரிடத்தில் மணல் போல நெருடியது. காய்ந்த ஒயிட்னர். பஞ்சில்லாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு ஊற வைத்து, பழைய ஏடிஎம் கார்டு முனையால் மெதுவாகத் தள்ளினேன், வந்துவிட்டது. பிளேடு வேண்டாம், கீறல் விழுந்தால் அதுவும் கோடாகத்தான் வரும். கண்ணாடி மேல் நேராக எதையும் ஊற்றவோ ஸ்ப்ரே அடிக்கவோ கூடாது, விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். கோடு தாளின் ஓரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் விழுகிறது என்று அளந்துகொண்டால் அழுக்கைத் தேடுவது சுலபம். தாள் முகம் திரும்பிப் போவதால் இடம் வலம் மாறியும் இருக்கலாம், இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள்.

எங்கள் தொழிலுக்கு இது திரும்பத் திரும்ப வரும். முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளம், எங்கள் மெஷினின் கண்ணாடி ஏ4 அளவு. ஆகவே ஃபீடரில் விட்டே ஆக வேண்டும். பழைய பத்திரமோ மடித்த இடத்தில் தூளாக உதிரும், கோந்து வைத்து ஒட்டியிருக்கும். இப்போது திங்கள், வியாழன் காலையில் பட்டையைத் துடைப்பது எழுதாத சட்டம்.

அப்புறம் மஞ்சு. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆடியில் மழை கொட்டும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். அந்த மாதங்களில் தாள் ஈரம் இழுத்து இரண்டிரண்டாக உள்ளே போகும். ஃபீடர் ரோலரைத் துடைத்தும் போகவில்லை, அதற்கு எதிரே இருக்கிற சின்ன ரப்பர் பேடை மாற்றிய பிறகு குறைந்தது. பேப்பர் கட்டுகளை இரும்பு பீரோவில் வைத்து, அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு எரிய விட்டிருக்கிறோம். துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே வீடுகளில் செய்கிற வேலைதான். தாளில் படாமல் தள்ளி மாட்ட வேண்டும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது, அதில் சூடு போதாது.

மார்கழிக் காலையில் வேறு கூத்து. குளிர்ந்து கிடந்த அறையில் ஒரு நாள், போனதும் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மெஷினையும் போட்டேன். ஸ்கேன் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்து வந்தது. ஆவி போய்க் குளிர்ந்த கண்ணாடியின் அடியில் படிந்திருந்தது. மெஷின் உயிர் பெற்றதும் உள்ளே இருக்கிற ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்த்துத்தான் எது வெள்ளை என்று முடிவு செய்கிறது. அதன் மேலேயே பனி படிந்திருந்தால் அது என்னதான் செய்யும்? அரை மணி நேரம் கழித்து அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. இப்போது கெட்டில் வராந்தாவில்.

2022-ல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் ஸ்கேன் நேராகக் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்குப் போவது நின்றது. மெஷினுக்குத் தெரிந்தது நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்புகிற எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும்; விண்டோஸ் 2017-லேயே அதைக் கைவிட ஆரம்பித்துவிட்டது. திரும்ப ஆன் செய்யலாம் என்றார்கள். கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவிய வழியே அதுதான், எதற்கு வம்பு என்று பென்டிரைவில் ஸ்கேன் செய்கிறோம்.

அன்று கழற்றிய டிரம்மை நான் தூக்கிப் போடவில்லை. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று கறுப்புக் கவரில் சுற்றி, பல்பு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன். புது டிரம் தேய்ந்ததும் அதைத்தான் திரும்ப மாட்டப் போகிறேன்.